ஆளா, பிரசையா?

இஞ்சருங்கோ,

உயிரோடு இருந்தபோதே உங்களைப் பேர் சொல்லி அழைக்காதவள், இப்போதா அழைக்கப் போகிறேன்? சாம்பல்தீவு வீட்டில் எல்லோரும் சுகம். முருங்கை இந்தமுறை நன்றாகக் காய்த்திருக்கிறது. மகளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டு அகதி முகாமில், தண்ணீர்க் குழாயடி வரிசையில் நின்றுகொண்டே இந்தியா, இலங்கை இரண்டு நாட்டு அரசியலமைப்பையும் ஒப்பிடுவீர்களே, நினைவிருக்கிறதா? "இந்தியாவில உரிமைக்கு மாறா ஒரு சட்டம் வந்தா, நிறைவேறின பிறகும் நீதிமன்றம் தூக்கி எறியலாம். எங்கட நாட்டில நிறைவேறிட்டுதெண்டா பிறகு ஒருத்தராலும் கேக்க ஏலாது" என்பீர்கள். உங்களுக்கு அதில் அப்படியொரு புளுகம், சந்தோசம்.

"அவ்வளவு திறமான சட்டமெண்டா, சந்தைக்குப் போக நாங்கள் ஏன் முகாம் கேற்றில கையெழுத்து வைக்கிறம்?" என்று கேட்டேன். வரிசையே சிரித்தது.

அன்று பின்னேரம் முகம் வாடி வந்தீர்கள். "இஞ்ச பாரும், இந்த விசயத்தில ரெண்டும் ஒண்டுதான். சட்டத்துக்கு முன்னால எல்லா ஆளும் சமமாம். வாய் திறந்து பேசுற உரிமை பிரசைக்கு, குடியுரிமை உள்ளவைக்கு மட்டுமாம்." அங்கே நாங்கள் வெறும் ஆட்கள். அங்கே பிறந்த மகளோ எந்த நாட்டிலும் பதியப்படாதவள். அன்றோடு எனக்கு இரண்டு புத்தகத்திலும் நம்பிக்கை விட்டுப்போயிற்று.

ஊர் திரும்பி, அவளைப் பிரசையாகப் பதிய அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தீர்கள். குடியுரிமைப் பத்திரம் வந்தபோது நீங்கள் இல்லை. உங்கள் படத்துக்கு முன்னால் அதை வைத்து அழுதேன்.

இப்போது புது அரசியலமைப்பு வரப்போகிறதென்று கதை. போன கிழமை நகரத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம். மகள் புறப்பட்டாள், நானும் பின்னால் போனேன். வாசலில் பேரும் விலாசமும் எழுதச் சொன்னார்கள். நம்மிடம் பேர் கேட்டவர்கள் எப்போது நல்லதுக்குக் கேட்டிருக்கிறார்கள்?

"பேரை மாத்தி எழுது பிள்ளை" என்று காதுக்குள் சொன்னேன்.

"அம்மா, இந்தப் பேரைப் பதியத்தானே அப்பா செருப்புத் தேய அலைஞ்சவர்? அதையே ஒளிக்கச் சொல்றியளோ?"

முழுப்பேரையும் எழுதினாள். நான் எழுதாமலே நழுவி உள்ளே போனேன்.

உள்ளே ஒருவர் மேடையை விட்டுவிட்டு எங்கள் முகங்களையே படம் எடுத்துக்கொண்டிருந்தார். யார் அவர்? பக்கத்துக் கதிரைப் பெண்ணைக் கேட்டேன். "பாத்தும் பாராத மாதிரி இருங்கோ அக்கா" என்றாள். அந்த நேரம் பார்த்து நம்முடையவள் எழும்புகிறாள்!

"முகாமில இருந்து திரும்பி, இன்னும் பத்திரம் கிடைக்காத ஆக்கள் இருக்கினம். புதுச் சட்டத்திலயும் பேசுற உரிமை பிரசைக்கு மட்டுமோ? அவையளுக்கு வாய் இல்லையோ?"

"நல்ல கேள்வி, குறிச்சுக்கொள்ளுறம்" என்றார் மேடையில் இருந்தவர். கேள்வியைக் குறித்தாரா, கேட்டவளைக் குறித்தாரா? படம் எடுத்தவரும் கமராவை அவள் பக்கம் திருப்பி ஒருமுறை எடுத்தார்.

பயமாக இருக்கிறது. பெருமையாகவும் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன்.

அடுத்த கூட்டம் குச்சவெளியில். அவளை மறிக்கமாட்டேன். அவளுக்கு முன்னால் போய், அவள் பேருக்கு மேலே என் பேரை எழுதுவேன். எவனாவது தேடி வந்தால் முதலில் என்னிடம் வரட்டும். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

முழுப்பேர் என்றால் உங்கள் பேரும் சேர்ந்து வரும். கோபிக்காதேயுங்கோ.

உங்கள் மனைவி,
விநாயகமூர்த்தி யோகமலர்