இருபது நிமிட டீச்சர்

அன்புள்ள வாண்டின் அப்பாவுக்கு,

நானும் வாண்டும் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே விழுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வரும் டியூஷன் டீச்சரை நிறுத்தச் சொன்னீர்கள். "இருபது நிமிஷத்துல எழுந்து போறதுக்கு ஒரு டீச்சரா?" என்று நீங்கள் போனில் கத்தியது பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். எனக்கும் அதே கோபம்தான். நான் வேலை முடிந்து வரும்வரை யாராவது பிள்ளையைப் புத்தகத்தின் முன்னால் பிடித்து வைத்திருந்தால் போதும் என்றிருந்தேன். அதனால் ஒன்றரை மணி நேரம் இருந்தே ஆக வேண்டும் என்று டீச்சரிடம் கறாராகச் சொன்னேன். "இருக்கேங்கக்கா, ஆனா ஏழு வயசுக்கு இருபது நிமிஷத்துக்கு மேல ஏறாது" என்றார்.

விடுமுறை நாளில் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். எங்கள் தையல் கம்பெனியில் கழித்துப்போட்ட பட்டன்களை வைத்துக் கழித்தல் கணக்கு. வாண்டு பட்பட்டென்று போட்டாள். அப்புறம் கொட்டாவி. தண்ணீர். பாத்ரூம். மறுபடி தண்ணீர். கடைசியில், சரியாகப் போட்ட கணக்கையெல்லாம் அவளே அழித்துத் தப்பாக எழுதினாள். டீச்சர் பாவம், வராத பஸ்ஸுக்கு நிற்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

எங்கள் தையல் கூடத்திலும் கடைசி ஒரு மணி நேரத்தில் தைக்கும் காலர்தான் கோணும். மறுநாள் காலையில் தையல் பிரிப்பதும் அதைத்தான். ஆனாலும் சூப்பர்வைசர் எழுந்திருக்க விடமாட்டான். அவனுக்கு வேலை நடக்க வேண்டாம், நாங்கள் ஸ்டூலில் ஒட்டியிருக்க வேண்டும். அவனைத் தினமும் திட்டிவிட்டு வந்து வீட்டில் நானும் அதையே செய்திருக்கிறேன்.

இப்போது டீச்சர் இருபது நிமிடத்தில் கிளம்பிவிடுகிறார். நான் வரும்வரை வாண்டு மாடி வீட்டு அக்காவோடு விளையாடுகிறாள். கழித்தல் முடிந்து பெருக்கல் வந்துவிட்டது.

இனி உங்கள் விஷயம். தினமும் கூப்பிட்டதும் வாய்ப்பாடு, அப்புறம் புத்திமதி, மறுபடி வாய்ப்பாடு. ஒரு வாரமாக அவள் தூங்கிவிட்டாள் என்று நான் சொன்னது பொய். போன் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். நேற்று அங்கிருந்தே கேட்டாள்: "அந்த டீச்சர் போயிட்டாங்க. போன்ல வர்ற டீச்சர் எப்பம்மா போவாரு?"

என்மேல் கோபப்படுங்கள், பரவாயில்லை. அவளிடம் மட்டும் கணக்கு கேட்காதீர்கள். தானாகவே விசிலடிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். காற்றுதான் அதிகம் வருகிறது. அதைக் கேளுங்கள். அவள் ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, மீதியை நாளைக்குச் சொல் என்று நிறுத்திவிடுங்கள். மறுநாள் போனை எடுக்க அவளே ஓடி வரட்டும்.

அதற்குப் பிறகு என்னிடம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எனக்கு ஏழு வயது இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
வாண்டின் அம்மா