கோடு போடாத வரி

மார்ச் 4
நான் எழுதும் லிஃப்ட் பராமரிப்புக் கையேட்டில் இன்றும் அடிக்கோடு கேட்டு ஆளாளுக்கு வந்தார்கள். விற்பனைப் பிரிவுக்கு உத்தரவாதத்தின் கீழ் கோடு வேண்டும். மேலாளருக்கு நிறுவனத்தின் பெயர் வருமிடமெல்லாம் வேண்டும். கணினியில் கோடு தொடங்க ஒரு தொடக்கக் குறி, நிறுத்த ஒரு மூடு குறி. தொடக்கக் குறி, மூடு குறி. இதற்குத்தான் சம்பளம்.

மார்ச் 6
தம்பி எங்கள் நிறுவனத்திலேயே மெக்கானிக். இன்று மெயின் சுவிட்சை அணைக்காமல் லிஃப்ட் கப்பியில் கையை விட்டிருக்கிறான். நகம் போனது, விரல் தப்பியது.
"அணைச்சுட்டுத்தான் கை வைக்கணும்னு எழுதியிருக்கேனே, படிக்கலையாடா?"
"எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கே. எதைன்னுக்கா படிக்கிறது?"
பாவி. கையே போயிருந்தா? அம்மா முகத்துல எப்படி முழிச்சிருப்பேன்?

மார்ச் 7
மற்ற கோடுகளை எடுத்துவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். எடுத்தால் எல்லாப் பிரிவும் சண்டைக்கு வருமாம். மெயினை அணைக்கச் சொல்லும் அந்த ஒரு வரிக்கு வேண்டுமானால் இரண்டு கோடாகப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

மார்ச் 11
கோபத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரு மூடு குறியை விட்டுவிட்டேன். மூடாவிட்டால் கோடு நிற்காது. கடைசிப் பக்கம் வரை, அச்சகத்தின் முகவரி வரை ஓடியிருக்கிறது. மேலாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் பொறுப்பா இருக்கு" என்றார். கிண்டல் இல்லை.

மார்ச் 12
விட்டுப்போன மூடு குறியைப் போட்டேன். மூன்றாம் பக்கத்தில் இல்லை, அந்த ஒரு வரிக்கு முன்னால். வரி முடிந்ததும் மறுபடி தொடக்கக் குறி. அச்சுக்கும் அனுப்பியாயிற்று. மேலாளர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தால் என் வேலை போகும்.

மார்ச் 13
மேலாளர் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2
தம்பி சாப்பிட வந்தான். புதுக் கையேடு வந்துவிட்டதாம். மெக்கானிக்குகள் எல்லாரும் சேர்ந்து என் மானத்தை வாங்குகிறார்களாம்.
"ஒரே ஒரு வரிக்குக் கோடு போட மறந்துட்டேக்கா. பக்கத்தைத் திருப்பினா அதான் கண்ணுல குத்துது."
எந்த வரி என்றேன். தட்டிலிருந்து தலை நிமிராமல் ஒப்பித்தான்: மெயினை அணைத்து, பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட பிறகே கை வைக்கவும்.
திருத்திவிடுகிறேன் என்றேன். அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.
அப்போது அவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி உள்ளேயே இருந்தது. வேலை முடிந்தும் பூட்டைத் திறக்காமலே வந்திருக்கிறான்.
"ஐயோ, அந்தக் கட்டடத்துல எல்லாரும் படியேறிட்டிருப்பாங்க" என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினான்.
அந்தத் திருத்தத்தை நானும் மெதுவாகச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.