மூன்று நாள் தனித் தட்டு

அம்மா,

தென்னூர் டாக்டரிடம் நீ சொன்ன பதில் சரியில்லை என்று அன்று நான் சொல்லவில்லை. இன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடமிருந்து வலி ஸ்ப்ரே வாசனை அடித்தது. மடியில் ஸ்போர்ட்ஸ் பை, ஒட்டிய கன்னம். என் நிறுத்தம் வருமுன்பே இறங்கி நடந்தேன்.

ப்ளஸ் டூ படித்தபோது, மாநில ஓட்டப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த சமயம், எனக்கு மாதவிலக்கு நின்றுபோனது. மைதானத்தில் அது ஒரு பெருமை. "நின்னுடுச்சா? அப்ப உடம்பு ரெடிடி!" என்று திருவெறும்பூரிலிருந்து வரும் தோழி கை கொடுத்தாள். எடை கூடிவிடும் என்று நாங்கள் பாதி வயிறுதான் சாப்பிடுவோம். அதனால்தான் நின்றது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

உனக்குத் தெரிந்தால் ஓட விடமாட்டாய். அதனால் மாதம் தவறாமல் நடித்தேன். மூன்று நாள் பின்கட்டு அறையில் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வேன். பெருமாள் அறைப் பக்கம் வரமாட்டேன். நீ தனித் தட்டில் சாதம் போட்டு எட்ட வைப்பாய். முக்கால்வாசி காக்காய்க்குப் போகும். மிச்சத்தைப் பார்த்து, "ஊரையே ஓடி ஜெயிக்கறவளுக்கு இந்த ஒரு பிடி சாதத்தை ஜெயிக்க முடியலையோ?" என்பாய்.

முழங்காலுக்குக் கீழே வலித்து நான் நொண்டியபோது நீதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாய். எக்ஸ்ரேயில் எலும்பில் ஒரு மெல்லிய கீறல். அவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "மாசா மாசம் ஒழுங்கா வருதாம்மா?"

நீ முந்திக்கொண்டாய். "ஒரு மாசம் தப்பாது டாக்டர். மூணு நாளும் நான்தானே இவளுக்குத் தனியா தட்டு வைக்கறேன்!"

அவர் தலையாட்டிவிட்டு கால்சியம் மாத்திரை எழுதினார். வெளியே நீ வாங்கித் தந்த ஜூஸை, சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிக் குடித்தேன்.

பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். சாப்பாடு போதாவிட்டால் உடம்பு முதலில் எதை நிறுத்தும், அடுத்து எலும்பிலிருந்து எதை எடுக்கும் என்றெல்லாம் இப்போது சொல்லத் தெரியும். பஸ்ஸில் அந்தப் பெண்ணிடம் பேச்செடுக்கத்தான் தெம்பில்லை.

கால் ஆறியதும் மறுபடி ஓடினேன். மாநிலப் போட்டியின் கடைசிச் சுற்றில் இடுப்பு எலும்பு முறிந்து விழுந்தேன். நான் தடுக்கி விழுந்ததில்தான் எலும்பு முறிந்தது என்று, இறக்கும் வரை நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய்.