சாமியறையில் சைக்கிள்கள்

அன்புள்ள என் பிடிவாதக்கார அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிவிட்டது. இன்றைக்குத்தான் உங்கள் ஆண்டுத் திவசம். வந்தவர்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குசினி வாசலில் இருந்து இதை எழுதுகிறேன். பொழுது இன்னும் சாயவில்லை.

முதலில் ஊர்ப் புதினம். சண்டை நின்றிருக்கிறது அம்மா. பேச்சு நடக்கிறதாம். சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்கள் குண்டு போடுகிற பிளேன் வருகிறதா என்று வானத்தை நிமிர்ந்து பார்க்காமல் விலை பேசுகிறார்கள். இது நிலைக்குமா? உங்களிடம் கேட்டிருந்தால், "உதை யோசிக்கிறதை விட்டிட்டு முதலிலை கிணத்தடியைக் கூட்டு" என்று சொல்லியிருப்பீர்கள்.

நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. நம் சாமியறையைப் பற்றி. அந்த அறையில் நீங்கள் செய்ததை நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. உயிரோடு இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் "விசர்க் கதை கதையாதை" என்று வாயை அடைத்திருப்பீர்கள். இப்போது உங்களால் அடைக்க முடியாது. அதனால் சொல்கிறேன், கேளுங்கள்.

கடற்கரைப் பக்கத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்து வந்த அந்த வருடம், நம் வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் யோகனும் மலரும். யோகன் மீன்பிடிக்காரன். கடலுக்குப் போக முடியாமல் போனபிறகு எங்கெங்கோ போய் மீன் வாங்கி, சைக்கிளில் கட்டி விற்றுக்கொண்டிருந்தான். மலருக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள். இரண்டு அறையும் ஒரு ஹோலும் ஒரு விறாந்தையும் உள்ள வீட்டில் ஆட்களை நீங்கள் எப்படியோ அடக்கிவிட்டீர்கள். சைக்கிள்களை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது.

மொத்தம் ஒன்பது சைக்கிள். பெற்றோல் இல்லாத நாட்டில் அதுதானே கார், அதுதானே லொறி, அதுதானே அம்புலன்ஸ். ஒரு ரயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. முதலில் மாமரத்தின் கீழே சங்கிலி போட்டுக் கட்டினார்கள். மாரி தொடங்கியதும் செயின் எல்லாம் செந்நிறமாகப் போயிற்று. யோகன் தன் சட்டையைக் கழற்றிச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் ஹோலுக்குள்ளை எடுங்கோ" என்றீர்கள். ஊர் ஊராய்த் தார் றோட்டிலும் சேற்றிலும் உருண்ட சில்லு என்று அப்பாவின் சைக்கிளைக்கூட வாசற்படி ஏறவிடாத ஆள் நீங்கள்!

ஹோலில் அடுக்கியது ஒரு தனிக் கலை. ஒன்றின் தலை வாசலைப் பார்த்தால் அடுத்ததின் வால் வாசலைப் பார்க்கும். அப்படி வைத்தால்தான் ஹான்டில்கள் ஒன்றோடொன்று இடிபடாமல் நெருக்கி வைக்கலாம். ஒரு கையகலம்கூட வீணாகாமல் அடுக்கிவிட்டு, எல்லோரும் தள்ளி நின்று அழகு பார்த்தோம். எங்கள் கெட்டித்தனத்தில் எங்களுக்கே பெருமை.

அந்தக் கெட்டித்தனம் ஒரு மத்தியானம் சந்தி சிரித்தது. மலருக்கு வலி வந்துவிட்டது. நிறைமாதக்காரி இருந்து போகக்கூடிய சைக்கிள் யோகனுடையது ஒன்றுதான். மீன் பெட்டி கட்டுவதற்காக அகலமான கரியர் போட்டிருந்தான். ஆனால் அன்றைக்கு மீன் விற்றுவிட்டு முதலில் வீடு திரும்பியவன் அவன், அதனால் அவனுடைய சைக்கிள் சுவரோடு ஆக உள்ளே. அதை எடுப்பதற்கு மற்ற எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். ஒன்றின் பெடல் மற்றதின் கம்பிகளுக்குள், அதன் பிரேக் இன்னொன்றின் கரியரில். இழுக்க இழுக்க இறுகியது. மலர் தூணைப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்லையப்பா, ஆறுதலா எடுங்கோ" என்று பல்லைக் கடித்தபடி சொல்லிக்கொண்டிருந்தாள். உலையில் போட்ட அரிசி வெந்து வடிக்கிற நேரமாயிற்று அந்தச் சைக்கிள் வெளியே வர.

அன்றைக்கு வந்தது பொய் வலி. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். நீங்கள் மட்டும் விடவில்லை. ஹோலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலைமுழுகிவிட்டு வந்தீர்கள். கும்பிடத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

சாமியறைக்கு முற்றத்துப் பக்கமாகத் தனிக் கதவு. தோய்ந்துவிட்டுப் பூப்பறித்துக்கொண்டு, வீட்டுக்குள் வேறெதிலும் முட்டாமல் நேரே உள்ளே போவதற்காக நீங்களே அப்பாவோடு சண்டை பிடித்து வைப்பித்த கதவு. அதைத் திறந்தீர்கள். விளக்கேற்றிக் கண்ணை மூடி நின்றீர்கள். பிறகு சுவரிலிருந்து சாமிப் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினீர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா உங்கள் அண்ணன் வர வேண்டும்? மாமா முற்றத்தில் நின்று போட்ட சத்தம் அடுத்த வளவுக்கும் கேட்டது.

"உனக்கென்ன விசரே? மீன் பெட்டி ஏத்தின சைக்கிளைச் சாமியறைக்குள்ளை விடப்போறியோ? சனம் என்ன கதைக்கும்?"

நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாமி துருப்பிடிக்கமாட்டார் அண்ணை. உது துருப்பிடிக்கும். பொடியன் உதை வைச்சுத்தானே உழைக்கிறான். அந்தப் பிள்ளையைப் பெறுவுக்கும் உதிலைதானே ஏத்திக்கொண்டு போக வேணும். நீங்கள் இந்தப் பிள்ளையாரைக் கொஞ்சம் பிடியுங்கோ."

மாமா பிடித்தார். வேறென்ன செய்வார்? கையில் பிள்ளையாரை வைத்துக்கொண்டு ஆரால் சண்டை பிடிக்க முடியும்?

சாமிகள் எல்லோரும் குசினித் தட்டில், அரிசிப் பானைக்கு மேலே குடியேறினார்கள். சைக்கிள்கள் சாமியறைக்குப் போயின. சின்னச் சைக்கிள்களைக் கயிறு போட்டுக் கூரையின் குறுக்கு மரத்தில் தூக்கிக் கட்டச் சொன்னீர்கள். மற்றவை இரண்டு பக்கச் சுவரோடும். யோகனுடையது கதவை ஒட்டி, வெளியே பார்த்தபடி. "உதுக்கு முன்னாலை ஒரு சாமானும் நிக்கக்கூடாது" என்று சட்டம் போட்டீர்கள். விறாந்தையில் தூவானத்தில் நனைந்து படுத்த பிள்ளைகளுக்கு அன்றைக்கு ஹோல் கிடைத்தது.

நம் ஊரில் யார் யாரை எந்த வாசல்வரை விடுவார்கள், யாருக்கு எந்தக் கோப்பையில் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. மீன், மச்சம் சமைத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காதவர் நீங்கள். எப்படி அம்மா முடிந்தது? எவ்வளவு காலமாக அது உங்களுக்குள் இருந்தது? அல்லது அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்த நேரத்தில்தான் வந்ததா? நான் கேட்கவேயில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டீர்கள்.

அடுத்த நாள் காலையில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். குசினியில் சாமிகளுக்குச் சாம்பிராணி காட்டினீர்கள். காட்டிவிட்டு, பழக்க தோஷம், கால் தன்பாட்டில் பழைய அறைக்குப் போய்விட்டது. வாசலில் திகைத்து நின்றீர்கள். பிறகு வந்ததற்காகச் சைக்கிள்களுக்கும் ஒரு சுற்றுக் காட்டினீர்கள். கிறீஸ் மணமும் மீன் மணமும் சாம்பிராணி மணமும் கலந்து வந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டேன். சைக்கிளையா, உங்களையா என்று எனக்குத் தெரியவில்லை.

உண்மையான வலி அந்தக் கிழமையே வந்தது. கொட்டுகிற மழை. யோகன் கதவைத் திறந்தான், சைக்கிள் முற்றத்தில் நின்றது. நீங்கள் மலருக்குக் குடை பிடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கை முடிந்து றோட்டு வருமட்டும் ஓடினீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய கொஞ்ச நேரத்தில் பவானி பிறந்துவிட்டாள். இன்னும் சுணங்கியிருந்தால் றோட்டில்தான் பிறந்திருப்பாள். இப்போது அவள் வீடு முழுக்க ஓடித்திரிகிறாள். உங்களைப் போலவே கட்டளை போடுகிறாள்.

இனி இன்றைய கதை. விடிந்து நான் எழும்பிப் போனபோது சாமியறை வெறுமையாகக் கிடந்தது. சைக்கிள் எல்லாம் மாமரத்தின் கீழே. மலர் முழங்காலில் நின்று மஞ்சள் தண்ணீர் தெளித்து நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆர் உன்னை உது செய்யச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. அம்மாவின்ரை திவசம். உங்கடை ஆக்கள் எல்லாரும் வருவினம். மீன் மணம் வேண்டாமெண்டுதான்…" தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "இடம்பெயர்ந்த சனம் இருக்கிற பள்ளிக்கூடத்திலை தங்க இடம் கேட்டிருக்கிறம் அக்கா. எவ்வளவு காலத்துக்கெண்டு உங்களுக்குக் கரைச்சல் குடுக்கிறது?"

எனக்குக் கோபம் வந்தது அம்மா. உங்களுடைய அதே கோபம். உள்ளே வந்து ஒரு மூலையில் பார்த்தேன், அவர்களுடைய பெட்டி கட்டியிருந்தது. ஒரு வருடமாக நீங்கள் இல்லாத இந்த வீட்டில், போகச் சொல்லி யாரும் சொல்லாமலே அவர்களைப் போக வைக்கிற ஏதோ ஒன்று வந்துவிட்டதா? என் முகத்திலா? என் பேச்சிலா?

மாமரத்தடிக்குப் போய் யோகனின் சைக்கிளை எடுத்து, முற்றத்தால் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த நேரம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எல்லோரும் பார்க்கப் பார்க்க, ஈரம் காயாத அந்த நிலத்தில் அதை ஏற்றி நிறுத்தினேன். "படையல் குசினியிலைதான். அம்மாவுக்கு வழி தெரியும்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று.

வாசல் படலைக்குள் நின்ற மாமா என்னைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். இன்றைக்கு ஒரு பிரளயம் என்று நினைத்தேன். அவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே அந்தக் கதவடிக்கு வந்தார்.

"பிள்ளை, என்ரையை எங்கை விடுறது?"

யோகன் ஓடிவந்து தன்னுடையதை ஒரு பக்கமாக ஒதுக்கினான். மாமாவின் சைக்கிள் அதற்குப் பக்கத்தில் நின்றது. பிறகு மற்றவர்களும் ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தார்கள். நான் மலரின் பெட்டியை அவிழ்த்து, உடுப்புகளைக் கொடியில் போட்டேன். அவள் அழுதுகொண்டே இலை வெட்டப் போனாள்.

அம்மா, அவர்கள் தங்கள் ஊருக்கு, தங்கள் வீட்டுக்குப் போவதென்றால் மட்டும் போகட்டும். அதுவரை சாமிகள் குசினியில்தான். அந்த நாள் வரும்போது, கடைசிச் சைக்கிளும் படலை தாண்டிய பிறகு, அந்த நிலத்தை நான் கழுவுவேன். மலரைக் கழுவ விடமாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் பிடிவாதத்துக்கு உரித்துக்காரியான
மூத்த மகள்