வண்ணமணி ஆட்டத்தில் உன் மேனேஜரை ஜெயிப்பது எப்படி

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் முழங்காலும் சௌக்கியம், மாடிப்படி ஏறும்போது மட்டும் அது தன் இருப்பைச் சொல்லிக்கொள்கிறது. நீ சௌக்கியமா என்று கேட்க வேண்டிய தேவையே எனக்கு இல்லை, ஆட்டத்தில் "புயல்" என்கிற உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது, அதை எரிய வைப்பதே நான்தான், ஆகவே நான் நன்றாக இருக்கும்வரை நீயும் நன்றாகத்தான் இருப்பாய். பள்ளிக்கூட வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தாலும், அதை ஓட்டுவது பெற்ற அப்பாவாகவே இருந்தாலும், போர்வையை விட்டு எழுந்திருக்காத பிள்ளைக்குப் புயல் என்று யார் பெயர் வைத்தார்களோ, நீயேதான் வைத்துக்கொண்டிருப்பாய். முந்தாநாள் நீ அனுப்பிய செய்தி கிடைத்தது. "அம்மா அவசரம், ஆண்டு விழா மேடையில பெரிய திரை போட்டு நானும் மேனேஜரும் நேருக்கு நேர் ஆடணுமாம், ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான் இருப்பாங்க, ஆனாலும் மானம் போயிடும், ஸ்கோர் ஏத்தற வழியெல்லாம் டக்குனு எழுதி அனுப்பு" என்று. கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் இரண்டாவது வாக்கியம் ஆரம்பிக்கும்போதே "சரிம்மா வெச்சிடறேன்" என்பாய், கடிதத்தை அப்படி வெச்சிட முடியாது. அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே, நான் வேலை பார்க்கிற பல் டாக்டரின் கையெழுத்தைவிட இது எவ்வளவோ தேவலை.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தாய் என்று முதலில் உனக்கே ஞாபகப்படுத்துகிறேன், வசதியாக மறந்திருப்பாய். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது நீ லீவில் வந்து என் போனில் இந்த ஆட்டத்தைப் போட்டுக் கொடுத்தாய். அம்மாவுக்குப் பொழுது போக வழி பண்ணுகிறான் பார் என்று உன் அப்பாவிடம் பெருமையடித்துக்கொண்டேன். நீ ஊருக்குப் போன பிறகுதான் விஷயமே தெரிந்தது, உன் ஆபீஸில் எல்லோரும் இதை ஆட வேண்டுமாம், யார் எவ்வளவு என்று வரவேற்பறைத் திரையில் ஓடுமாம், உனக்கு ஆட வராது, அதனால் உன் பெயரை என் போனில் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாய். சரி பிள்ளை பெயர் கடைசியில் கிடக்க வேண்டாம் என்று நானும் ஆடினேன், கிளினிக்குக்குத் திரும்பிய பிறகும் டோக்கன் கொடுக்கிற மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு ஆடினேன், கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் இதோ முடியப்போகிறது என்பேன், அவர்கள் டாக்டரைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். இப்படி நான் ஏற்றிய ஸ்கோரைப் பார்த்து உன் மேனேஜர் "உங்ககிட்ட இருக்கற பொறுமையும் நிதானமும் ஆட்டத்துலயே தெரியுது" என்று சொன்னாராம், புது டீமுக்கு உன்னையே தலைவனாகப் போட்டு அதை விழா மேடையிலேயே அறிவிக்கப்போகிறாராம். நீ அதைச் சொன்ன அன்றைக்கு உன் அப்பா சோற்றில் கையை வைத்தபடியே "அவன் சம்பளத்துக்கு நீ வேலை பாக்கற, தெரியுதா" என்றார். எனக்குத் தெரிந்துதான் இருந்தது, உனக்குத்தான் இப்போது மேடை கட்டிய பிறகு தெரிகிறது.

சரி, வித்தைக்கு வருவோம். கட்டம் கட்டமாக வண்ண மணிகள் இருக்கும், பக்கத்துப் பக்கத்து மணிகள் இரண்டை இடம் மாற்றி ஒரே நிறத்தில் மூன்று சேர்த்தால் அவை மறையும், மேலிருந்து புது மணிகள் விழும். இவ்வளவாவது தெரியும் என்று நம்புகிறேன், தெரியாவிட்டால் இத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டு அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிடு. மேலே கை வைக்காதே, கீழ் வரிசையிலிருந்து ஆடு. கீழே மூன்று மறைந்தால் மேலே இருப்பதெல்லாம் சரிந்து, தானாகவே வேறு இடங்களிலும் சேர்ந்து வெடிக்கும், நீ விரலை அசைக்காமலே ஸ்கோர் ஏறும், விரலை அசைக்காமல் காரியம் நடப்பது உனக்குப் பிடித்த முறைதானே, இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்வாய். நீ கொஞ்சம் யோசித்தால் ஒரு மணி தானாக ஆடிக் காட்டும், என்னை நகர்த்து என்று. அதை நம்பாதே, அது எப்போதும் அற்பமான மூன்றைத்தான் காட்டும், நாலு சேருகிற இடம் பக்கத்திலேயே இருக்கும், அதைக் காட்டாது. யார் எதைக் காட்டினாலும் தலையாட்டுகிற பழக்கம் உன் ஆபீஸோடு இருக்கட்டும். நாலு சேர்ந்தால் மின்னல் மணி, ஒரு வரிசையையே துடைத்துவிடும். அஞ்சு சேர்ந்தால் வானவில் மணி, அதை எந்த நிறத்தோடு மாற்றுகிறாயோ அந்த நிறம் கட்டம் முழுக்கக் காலி. வானவில் கிடைத்த சந்தோஷத்தில் பக்கத்தில் இருப்பதோடு உடனே மாற்றி வீணாக்காதே, எந்த நிறம் அதிகம் என்று ஒரு பார்வை பார்த்து, அந்த நிறம் பக்கத்தில் வரும்வரை வேறு இடத்தில் ஆடிக்கொண்டிரு. மின்னலும் வானவில்லும் அடுத்தடுத்து வந்து அவற்றையே ஒன்றோடொன்று மாற்றினால் திரையே அதிரும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும், உன்னிடம் இருப்பதாக உன் மேனேஜர் நினைக்கிறாரே, அந்தப் பொறுமை.

வேகம் விரலில் இல்லை, கண்ணில் இருக்கிறது. ஒன்று மறையும்போதே கண் அடுத்ததைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும், இடைவெளி விடாமல் சேர்த்துக்கொண்டே போனால் பாயிண்ட் இரட்டிப்பாகிக்கொண்டே போகும், நடுவில் நின்று எவ்வளவு ஆச்சு என்று பார்த்தாயோ போச்சு, பழையபடி முதலிலிருந்து. மேனேஜரின் திரைப்பக்கம் திரும்பவே திரும்பாதே. நேரம் முடிந்ததும் கட்டத்தில் மிச்சமிருக்கிற மின்னல் மணிகள் தானாக வெடித்து பாயிண்ட் கொடுக்கும், ஆகையால் கடைசிக் கட்டத்தில் இருப்பதை வெடிக்க அவசரப்படாமல் புதிதாக நாலு சேர்க்கப் பார். கையைத் துடைத்துக்கொண்டு உட்கார், வேர்த்த விரலுக்கு மணி நகராது, போனைக் கையில் பிடிக்காமல் மேசையில் வை. பதறாத காரியம் சிதறாது. தோற்றுவிட்டு வெளிச்சம் கண்ணில் அடித்தது, போன் சரியில்லை என்று ஆரம்பிக்காதே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகச் சிரிப்பார்கள். ஆடும்போது அழைப்பு வந்தால் ஆட்டம் நின்றுவிடும், அதனால் யாரும் கூப்பிட முடியாதபடி செய்துவிட்டு ஆடு. எனக்கு அந்தத் தொல்லை இருந்ததில்லை, நீ கூப்பிட்டு என் ஆட்டம் கெட்டதாகச் சரித்திரமே கிடையாது.

இனி நீ கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். உன் மேனேஜர் "சிகரம்" என்ற பெயரில் ஆடுகிறார் அல்லவா, பட்டியலில் எனக்கு, அதாவது உனக்கு, ஒரு படி மேலேயோ கீழேயோதான் எப்போதும் இருப்பார். நேருக்கு நேர் பலமுறை ஆடியிருக்கிறோம். முடிந்ததும் கீழே இரண்டு வரி எழுத இடம் இருக்கிறது, நான் உன் சார்பில் மரியாதையாக "நன்றி சார், சாப்பிட்டீங்களா" என்று எழுதுவேன், அவரும் "ஆச்சு, நல்லா ஆடினீங்க" என்பார், தனக்குக் கீழே வேலை பார்க்கிறவனை நீங்க என்கிறாரே, என்ன மனுஷர் என்று எனக்கு அவர்மேல் தனி மதிப்பு. மத்தியானம் முழுக்க அவருக்கு மீட்டிங், தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லை என்று நீ சொல்வாய், ஆனால் சிகரம் மத்தியானத்தில்தான் வெளுத்து வாங்கும். சரி, அவரும் மேசைக்கடியில்தான் ஆடுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் மும்முரமான ஆட்டத்தின் நடுவில் சிகரம் அசையாமல் நின்றுவிட்டது, நான் சுலபமாக ஜெயித்தேன், கொஞ்ச நேரம் கழித்துக் கீழே ஒரு வரி வந்தது, "மன்னிச்சுக்கோங்க, அடுப்புல பால் பொங்கிடுச்சு" என்று. எந்த மீட்டிங்கில் பால் பொங்குகிறது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று டாக்டரிடம் புகார் சொல்லி, அதற்கு வேறு பாட்டு வாங்கினேன். நீங்கள் மேனேஜர் இல்லையே என்று எழுதினேன். அடுத்த நொடியே "நீங்களும் அந்தப் பையன் இல்லையே" என்று பதில் வந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "தினமும் சாப்பிட்டீங்களான்னு கேக்கறீங்களே, எந்தப் பையன் மேனேஜரை அப்படிக் கேப்பான், பெத்த பிள்ளையே என்னைக் கேக்கறதில்ல" என்றார்.

அவர் உன் மேனேஜரின் அம்மா. மகனோடு ஒரே வீட்டில் இருக்கிறார், அடுத்த அறைதான், இருந்தும் மகன் அவரிடம் பேசுவது உன்னைப் போலவேதான், எவ்வளவு ஆச்சு, ஏன் இன்னும் ஏறலை, அந்தப் பையன் முந்திட்டானே. நான் தூரத்தில் இருப்பதால்தான் என் பிள்ளை இப்படி என்று நினைத்திருந்தேன், தூரத்தின்மேல் பழி போட்டது தப்பு. மேடை என்றதும் அவர் மகனுக்கும் உதறல் எடுத்து "சொல்லிக்குடும்மா" என்று வந்து நின்றாராம், அந்தம்மாவும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தாராம், "சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வித்தியாசம் தெரியல, இவன் எப்படி ஒரு ஆபீஸை நடத்தறான்னு எனக்கே கவலையா இருக்கு" என்று என்னிடம் சொல்கிறார். ஆக நீ யாரை நினைத்து நடுங்குகிறாயோ அவர் உன்னை நினைத்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். ஆபீஸே கூடி உட்கார்ந்து, மணி எது கட்டம் எது என்று தெரியாத இரண்டு பேர் மோதுவதைக் கைதட்டிப் பார்க்கப்போகிறது. இதை வைத்து மேனேஜரை மடக்கிப் பதவியை உறுதி பண்ணிக்கொள்ளலாம் என்று உன் மூளை ஓடும், ஓடினால் பிடித்து நிறுத்து, அந்தம்மா இப்போது என் சிநேகிதி.

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று அந்தம்மா பேச்சுவாக்கில் "விழாவுக்கு நீங்க என்னிக்கு வர்றீங்க" என்று கேட்டார். ஆபீஸ் ஆட்களுக்கு மட்டும் என்று பையன் சொன்னானே என்றேன். "இல்லையே, அம்மா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லி எல்லாருக்கும் சொல்லியிருக்காங்களே, முன்வரிசை நாற்காலியே பெத்தவங்களுக்குத்தானே" என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஆட்டம் ஓடவில்லை, எதிரே என்ன நிறம் இருக்கிறது என்றே தெரியவில்லை. அம்மா வந்தால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள், குட்டு உடைந்துவிடும் என்று பயந்து சொல்லியிருப்பாய், எனக்குப் புரிகிறது, புரிந்தாலும் கோபம் போகவில்லை. ஆட்டத்தை மறைத்தாய், அதில் எனக்கும் பங்கு உண்டு, நான் பேச முடியாது. என்னையே மறைக்கப் பார்த்தாயே, அதுதான் வலிக்கிறது. உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் எழுந்து போய் வேனைக் கழுவினார், காலையில்தான் கழுவியிருந்தார்.

அதனால் நான் வருகிறேன். வேன் ஓட்ட மாற்று ஆள் கிடைக்காததால் அப்பா வரவில்லை. டாக்டரிடம் லீவு கேட்டேன், எதற்கு என்றார், பிள்ளை மேடையில் ஆடுகிறான் என்றேன், நாட்டியமா என்று கேட்டார், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். இந்தக் கடிதத்தை அனுப்பியதும் உன் பெயரை என் போனிலிருந்து எடுத்துவிடுவேன், இனி புயல் ஏறினாலும் இறங்கினாலும் உன் விரல்தான் பொறுப்பு. அந்தம்மாவும் சிகரத்தை மகனிடமே ஒப்படைத்துவிட்டார், நாங்கள் இருவரும் அவரவர் சொந்தப் பெயரில் புதிதாக ஆரம்பிக்கப்போகிறோம். மேடையில் நீ தோற்றால் ஒன்றும் குடி முழுகிவிடாது, முன்வரிசையில் உட்கார்ந்து நான் கைதட்டுவேன். ஆனால் ஏறுவதற்கு முன்னால் மேனேஜரிடம் போய், இதுவரை ஆடியது நான் இல்லை, எங்கம்மா என்று நீயே சொல்லிவிடு, டீம் கிடைத்தால் கிடைக்கட்டும், போனால் போகட்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், நீ அவ்வளவு கெட்டிக்காரனும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, குனிந்து குனிந்து பழகிக் கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. தீர்க்காயுசாக இரு, நல்ல பெயரோடு இரு, அந்தப் பெயர் நீயே சம்பாதித்ததாக இருக்கட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சொல்லவில்லை, ஆனால் சொன்ன மாதிரிதான். மறக்காமல் ஒரு விஷயம், என் ரயில் சனிக்கிழமை காலையில் வருகிறது, நீ ஸ்டேஷனுக்கு அலைய வேண்டாம். அந்தம்மா காரில் வந்து என்னைக் கூட்டிப்போகிறார், உன் மேனேஜர்தான் ஓட்டி வருகிறார், ஒரு சிநேகிதி வருகிறாள் என்று மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறாராம், யாருடைய அம்மா என்று சொல்லவில்லையாம். ஸ்டேஷனிலிருந்து வீடு நல்ல தூரம் என்றார், கால் நீட்ட வசதியாக என்னை முன் சீட்டில் உட்காரச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரிவரை உனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன்மேல் கோபமும் ஆசையும் சரிபாதியாக உள்ள,
அம்மா