அழிந்துபோன ஊதாக் கோடு

மார்ச் 3

அன்புள்ள என்னவருக்கு,

போன் போட்டால் உங்கள் அக்காதான் எடுக்கிறார். “இப்பதான் தூங்கினான், அப்புறம் பேசு” என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். இதையாவது நீங்கள் பிரிப்பீர்களா?

தொடையெலும்புக் கட்டியை எடுத்த அன்று கையெழுத்துப் போட்டவள் நான். ஓரத்தில் மிச்சம் இருக்கலாம், கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்தே தரவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் நின்றவளும் நான். இப்போது கூட இருப்பவர் உங்கள் அக்கா, எந்தக் கிழமை எந்த மருந்து என்பது அவருக்குத்தான் தெரியும். சீருடை தைக்கும் மாதம், கம்பெனியில் லீவு கிடையாது. பொறாமைதான், மறைக்க மாட்டேன். வயிறு எரிகிறது.

சனிக்கிழமை வருகிறேன். அன்று உங்களை நான்தான் குளிப்பாட்டுவேன்.

உங்கள்
கட்டிங் மாஸ்டர்

மார்ச் 10

அன்பு மாஸ்டருக்கு,

நீ பஸ் ஏறிய மறுநாள், கதிர் அறை டெக்னீஷியன் என் போர்வையை விலக்கிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். தொடையில் அவர் போட்ட ஊதா மைக்கோடுகள் இல்லை. மருந்துக் கறை என்று நீ சோப்புப் போட்டுத் தேய்த்தாயே, கதிர் விழவேண்டிய அடையாளம் அதுதான். மறுபடி ஸ்கேன், மறுபடி அளவு. இரண்டு நாள் மருந்து மட்டும் ஏறியது, கதிர் நின்றது. சேர்ந்து போனால்தான் பலன் என்று டாக்டர் கத்தினார். அக்கா, “நான்தான் தெரியாம தொடச்சிட்டேன்” என்று திட்டைத் தானே வாங்கிக்கொண்டாள்.

கோபமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
ஒற்றைக்கால் கொக்கு

மார்ச் 13

என்னவருக்கு,

துணியில் சாக்பீஸ் கோட்டை அழித்த பெண்ணைப் போன வாரம்தான் ஒரு பிடி பிடித்தேன். எனக்கா கோடு தெரியாமல் போனது?

குளியலறை வாசலில் அக்கா ஏதோ சொல்ல வந்தார். “எனக்குத் தெரியும்” என்று தாழ்ப்பாள் போட்டேன். என் பொறாமையால் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்? இதிலும் பாருங்கள், அந்தத் திட்டு எனக்கு வரவேண்டியது. அதையும் அவரே எடுத்துக்கொண்டார்.

நீங்களாவது தடுத்திருக்கலாமே. ஏன் பேசாமல் இருந்தீர்கள்?

மாஸ்டர்

மார்ச் 17

மாஸ்டர்,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கோட்டின் மேல் உன் கை போனபோதே எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாரும் உடைந்துவிடுவேன் என்று பயந்தே என்னைத் தொடுகிறார்கள், அக்காவும்தான். நீ ஒருத்திதான் பழைய கோபத்தோடு தேய்த்தாய். வாயைத் திறந்தால் கையை எடுத்துவிடுவாய் என்று சும்மா இருந்துவிட்டேன். தப்பு என்னுடையது. டாக்டரிடமும் அக்காவிடமும் ஒத்துக்கொண்டேன்.

விட்டுப்போன இரண்டு நாளைக் கடைசியில் சேர்த்துத் தருகிறார்களாம். அக்காதான் ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. நேற்று மாத்திரையை நீட்டும்போது, “எங்கிட்ட ஒருநாளாவது இப்படி வாய மூடிக்கிட்டு இருந்திருக்கியாடா?” என்றாள். அவளுக்கும் வயிறு எரிகிறது, மாஸ்டர்.

சனிக்கிழமை வா. கோட்டை விட்டு மற்ற இடமெல்லாம் நீயே தேய்க்கலாமாம். ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும், அவள் வாசலில் நிற்பாளாம்.

உன் கொக்கு