மகள் வீட்டு மேற்கு யன்னல்

ஜூலை 12, வெள்ளி

மகளுக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டில் இன்று ஏசி போட்டுப் பார்த்தோம். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் போட்டது, பொழுதுபட்டு மஃரிபாகியும் அறை குளிரவில்லை. காரணம் மேற்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடி யன்னல். கட்டாரில் முதலாளி வீட்டில் பார்த்த மாதிரியே வேணும் என்று வீடு கட்டும் மேசன் பாஸிடம் அடம்பிடித்தவன் நான்தான். அங்கே இருந்தது இரட்டைக் கண்ணாடி என்பது, அதை வருஷக்கணக்காகத் துடைத்த எனக்குத் தெரியவில்லை. இன்று பாஸ் சொல்லித்தான் விளங்கியது.

மகள் கண்ணாடியில் கையை வைத்துவிட்டு, "வாப்பா, இதுல ரொட்டி சுடலாம்" என்றாள்.

"தடிச்ச திரையாப் போட்டு மூடுங்க, மாப்பிள்ளைக்குத் தெரியாது" என்றாள் மனைவி.

"திரை போட்டா வெக்கை போகுமா? கலியாணம் முடிஞ்சு இஞ்ச குடிவாற மாப்பிள்ளை, மறுகிழமையே உம்மா வீட்டுக்கு ஓடிருவார்" என்றேன்.

மகள் வாழ்நாளெல்லாம் இருக்கப்போகும் வீடு. அவளை வெக்கையிலும் கரண்ட் பில்லிலும் விட்டுவிட்டு நான் நிம்மதியாகக் கண்ணை மூடி மௌத்தாக முடியாது. முன்னுக்குப் போட இருந்த பெரிய கேட்டை நிறுத்திவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்டு, ஓரமெல்லாம் ரப்பர் வைத்து அடைக்கும்படி பாஸிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்குப் பதிலாகத் தகரம் அடித்த வாசலைப் பார்த்துச் சனம் கதைக்கும். கதைக்கட்டும். கேட்டிலயா அவள் படுக்கப்போறாள்?